எஞ்சினின் நிறமும் வரலாற்றுச் சான்றும்: யாழ்ப்பாணத்துப் பழைய மோட்டார்க் கார்களை முன்வைத்து ஒரு நோக்கு

வரலாற்றுச் சான்று என்றதும் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஏட்டுச்சுவடி என்பனவே நம் நினைவுக்கு வருவன. பழங்கால வரலாற்றுக்கு இவை போதுமானவையாக இருக்கலாம். ஆனால், கடந்த நூறாண்டுக் கால வாழ்வை ஆராயப் புகுவோன் இவற்றோடு அமைந்துவிட முடியாது. அரசாங்க அறிக்கைகளும் புதினத்தாள்களும் சொல்லாது விட்டவற்றைச் சில வேளைகளில் ஒரு தையல் இயந்திரமோ, ஒரு வானொலிப் பெட்டியோ, ஒரு மோட்டார்க் காரோ சொல்லக்கூடும். அவ்வாறு சொல்லக்கூடிய பொருளைப் புதுப்பிக்கும் எண்ணத்தோடு அதன் மேற்பரப்பைச் சுரண்டி எறிந்துவிட்டால், ஏட்டின் எழுத்தை அழித்தவராகவே நாம் ஆவோம். பழைய காரின் எஞ்சினுக்கு எந்த நிறம் பூசுதல் பொருத்தம் என்ற சிறு வினாவினூடாக இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தின் வழியாகத் தீவகம் நோக்கிச் செல்வோர் முதலில் எதிர்ப்படுவது மண்டைதீவுச் சந்தி. அங்கிருந்து ஒரு பாதை மண்டைதீவுக்குள் நுழைய, நெடும்பாதை அல்லைப்பிட்டியூடாக வேலணைக்குச் செல்கின்றது. இருமருங்கும் கடல்நீர், எந்நேரமும் உப்புக்காற்று. இத்தீவிலே ஓலைக் கொட்டில் ஒன்றின் கீழ்க் கிடக்கும் மொறிஸ் மைனர்க் கார் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அதன் மூடியைத் திறந்தால் எஞ்சினின் மேற்புறம் வெள்ளிநிறம். வெள்ளி உதிர்ந்த இடங்களிற் கருமை. கருமைக்கும் கீழே, ஓரிரு மூலைகளில் மட்டும், மங்கிய பச்சை. இதனைப் புதுப்பிக்க விரும்பும் ஒருவர் எந்த நிறத்தைத் தெரிந்தெடுப்பார்? கடையிற் கிடைக்கும் பளபளப்பான சிவப்பையா? வெள்ளியையா? பச்சையையா? மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது கராச்சில் தீர்க்கப்படவேண்டிய சிறு காரியம். ஆனால், 'எது சரியான நிறம்' என்று கேட்பவர் 'எந்த ஆண்டுக்குச் சரியான நிறம்' என்றும் கேட்டேயாக வேண்டும். அவ்வாறு கேட்ட மாத்திரத்தில் அவர் வரலாற்று மாணவராகிவிடுகின்றார்.

முதற்கண் தொழிற்சாலையின் விடையை நோக்குவோம். அலெக் இசிகோனிஸ் என்பாரின் வடிவமைப்பில் உருவான மொறிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. 1952 ஆம் ஆண்டு ஒஸ்ரின் நிறுவனமும் மொறிஸ் கார்களைச் செய்துவந்த நஃபீல்ட் நிறுவனமும் இணைந்து பிரித்தானிய மோட்டார்க் கூட்டுத்தாபனமாயின. அதன்பின் மைனரில் ஒஸ்ரினின் 'ஏ வரிசை' எஞ்சின் பொருத்தப்பட்டது. முதலில் 803 கன சென்ரிமீற்றர்க் கொள்ளளவு கொண்டிருந்த அது 1956 இல் 948 ஆகவும், 1962 இல் 1098 ஆகவும் வளர்ந்தது. மைனரின் இவ்வெஞ்சின்கள் பச்சை நிறம் பூசப்பெற்று வந்தன. அதே கூட்டுத்தாபனத்தின் எம்.ஜி.ஏ விளையாட்டுக் காரின் எஞ்சினோ கருஞ்சிவப்பு நிறமுடையது. ஆகவே எஞ்சினின் நிறம் வெறும் அலங்காரமன்று. அது எவ்வகைக் காருக்குரியது என்பதை உணர்த்தும் அடையாளமுமாகும். அமெரிக்காவில் 1955 ஆம் ஆண்டின் செவ்ரலே எட்டுச் சிலிண்டர் எஞ்சின் செம்மஞ்சள் நிறத்தால் இன்றும் இனங்காணப்படுவது இதற்கு ஒப்பாகும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். பச்சை என்று பொதுப்படச் சொல்லினும் அப்பச்சை எல்லா ஆண்டுகளிலும் ஒரே சாயலுடையதாக இருக்கவில்லை. மேலும், தொழிற்சாலையிலேயே புதுப்பிக்கப்பட்டு மாற்று எஞ்சின்களாக விற்கப்பட்டவை 'கோல்ட் சீல்' என்ற பெயரோடு பொன்னிறம் பூசப்பெற்று வந்தன. பொன்னிற எஞ்சின் ஒன்றைக் கண்டு, 'இது யாரோ ஆசைக்குப் பூசியது' என்று எண்ணிப் பச்சையடிப்பவர், அந்தக் காரின் முதல் எஞ்சின் தேய்ந்து மாற்றப்பட்டது என்னும் உண்மையை அழித்துவிடுகின்றார். இங்கிலாந்தில் கேய்டன் என்னுமிடத்திலுள்ள பிரித்தானிய மோட்டார் அரும்பொருளகம் தன்னிடமுள்ள தொழிற்சாலைப் பதிவேடுகளைக் கொண்டு பழைய கார்களுக்குச் சான்றிதழ் வழங்குகின்றது. காரின் உடல் நிறத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் அதிற் காணலாம். எஞ்சினின் நிறத்தை அறிய எஞ்சினையே கேட்டல் வேண்டும்.

அடுத்து, அக்கார் இங்கு வந்தபின் அடைந்த வாழ்வை நோக்குவோம். ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் ஆகியன யாழ்ப்பாணத் தெருக்களில் நெடுங்காலம் நிலைத்தமைக்கு அவற்றின் உறுதி மட்டும் காரணமன்று. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் வாகன இறக்குமதி பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 ஆம் ஆண்டுத் திறந்த பொருளாதாரக் கொள்கை வரும்வரை புதிய கார் என்பது பெரும்பாலோர்க்கு எட்டாக் கனியாகவே இருந்தது. எனவே உள்ள காரைப் பேணுதலே வழியாயிற்று. கடையிற் கிடையாத பாகத்தைக் கடைசற் பட்டறையிற் செய்வித்தனர். ஒரு காரின் பாகத்தை இன்னொன்றிற்கு இசைவித்தனர். வாடகைக் கார்ச் சாரதி, கராச் முதலாளி, பட்டறைத் தொழிலாளி என்போரிடத்து வளர்ந்த இக்கைத்திறன் எந்நூலிலும் எழுதப்பட்டதன்று. அது எழுதப்பட்ட இடம் அவ்வெஞ்சின்களே.

வாகனத்தின் மேற் பூசப்பட்ட நிறம் அரசியல் வரலாறான சந்தர்ப்பமும் நம் நாட்டில் உண்டு. வாகன இலக்கத் தகடுகளிற் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைப் பொறிக்கும் விதி 1957 ஆம் ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, தமிழரசுக் கட்சி அதனை எதிர்த்துப் போராட்டம் தொடங்கிற்று. வடக்கிலும் கிழக்கிலும் சிங்கள எழுத்துத் தாரினால் மறைக்கப்பட்டு அவ்விடத்தே தமிழ் எழுத்து எழுதப்பட்டது. 1958 ஜனவரியில் நிறுவப்பட்ட இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பேருந்துகள் புதிய எழுத்துடன் வடபகுதிக்கு அனுப்பப்பட்டபோது கிளர்ச்சி மீண்டும் மூண்டது. தெற்கிலோ தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தார்பூசி அழிக்கப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரலிற் பண்டாரநாயக்க-செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் இனக்கலவரம் வெடித்தது. அக்காலத்து இலக்கத் தகடு ஒன்று தன் தார்ப்படையோடும் அதன்மேல் எழுதிய எழுத்தோடும் இன்று கிடைக்குமாயின், அதனைச் சுரண்டித் துப்புரவாக்கிப் புது மை பூசுவதை எந்த வரலாற்று ஆசிரியன் ஏற்றுக்கொள்வான்? தகட்டுக்குப் பொருந்தும் இந்நீதி எஞ்சினுக்கும் பொருந்தும்.

எஞ்சினிற் படிந்த படைகளுள் மிகவும் கனமானது 1990 ஆம் ஆண்டின் பின் வந்ததாகும். அவ்வாண்டு ஜூனில் மீண்டும் போர் மூண்டதும் வடபகுதிமீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோலும் பிற எரிபொருள்களும் அரியவாயின. அந்நாட்களில் யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரிற் சிறிதளவு பெற்றோலை ஊற்றி எஞ்சினை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதே முறை. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாதது; ஆதலாற் குளிர்ந்த எஞ்சினில் அது தீப்பற்றாது. எரியாது எஞ்சிய துளிகள் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, அடித்தொட்டி எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். புகைக்கரி மிகும், வால்வுகள் பழுதுறும். நுண்ணிய அமைப்புடைய புதிய எஞ்சின்கள் இதனைத் தாங்கா. குறைந்த அழுத்த விகிதமும் எளிய அமைப்பும் கொண்ட பழைய ஆங்கிலேய எஞ்சின்களே தாங்கின. நோயாளரையும் கர்ப்பிணிகளையும் மருத்துவமனைக்குக் கொண்டு சென்ற வண்டிகளுள் இவையும் அடங்கும். அடிக்கடி எஞ்சினைக் கழற்றிக் கரி நீக்கிப் பூட்டிய கைகள், கிடைத்த மையைப் பூசி மூடின. மேலே கூறிய எஞ்சினின் கருமையும் வெள்ளியும் இவ்வாறு வந்தவையாயின், அவை அழகுக்குறைவு அல்ல. ஒரு சமூகம் முற்றுகையினுள் உயிர்வாழ்ந்ததன் சான்றாகும்.

மண்டைதீவுக்கு இக்காலம் இன்னுங் கொடியது. 1990 ஆகஸ்டில் இராணுவம் அங்கே தரையிறங்கியது. மக்கள் இடம்பெயர்ந்தனர், இளைஞர் பலர் காணாமற்போயினர். அவர்கள் எங்கே என்ற வினாவை உறவினர் இன்றுங் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே வேளையிற் புறப்பட நேர்ந்தபோது, நகரில் அடைக்கலம் புகுந்திருந்த தீவக மக்கள் மீண்டும் ஒருமுறை பெயர்ந்தனர். இத்தகைய இடப்பெயர்வுகளில் உறுதியும் பத்திரமும் பதிவேடும் புகைப்படமும் அழிந்தன. ஏட்டுச் சான்று அருகிய இடத்திற் பொருட்சான்றின் மதிப்பு உயர்கின்றது என்பது தொல்லியலின் அரிச்சுவடி. நாம் அதனை ஆதி இரும்புக்காலத்துத் தாழிக்கு ஏற்றுக்கொண்டு, அண்மைக் காலத்து இரும்புக்கு மறுப்பது முறையாகாது.

இனி, இப்படைகளை எவ்வாறு படிப்பது? நிறம் வெயிலாலும் வெப்பத்தாலும் எண்ணெயாலும் மாறும். பச்சை வெப்பத்தினாற் பழுப்படையும். எண்ணெய் ஊறி மஞ்சளிக்கும். ஆதலால் வெளியே தெரியும் பகுதியைக்கொண்டு மூலநிறத்தைத் தீர்மானித்தல் தவறு. டைனமோவைத் தாங்கும் கொளுவியின் பின்புறம், எஞ்சின் இலக்கத் தகட்டின் அடிப்புறம், பக்க மூடிகளின் விளிம்பு முதலிய மறைவிடங்களிலேயே பழைய நிறம் கெடாது தங்கும். அத்தகைய ஓரிடத்தில் நாணயமளவு பரப்பை மெல்லிய அரத்தாளினால் நீர்விட்டு வட்டமாகத் தேய்த்தால், மரத்தின் ஆண்டுவளையங்கள் போல ஒவ்வொரு படையும் ஒன்றனுள் ஒன்றாக வெளிப்படும். நடுவில் இரும்பு, அதனைச் சூழ முதற்பூச்சு, அதற்கு வெளியே பின்வந்தவை. ஒரு படைக்கும் அடுத்த படைக்கும் இடையே அழுக்கோ துருவோ இருந்தால், அவ்விரண்டுக்கும் இடையிற் காலம் கழிந்தது என்பது பெறப்படும். பழைய பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆகவே உலரச் சுரண்டித் தூசியைச் சுவாசித்தல் தீது.

படைகளுக்கிடையே எதனை வைத்து எதனை நீக்குவது என்ற சிக்கல் நமக்குப் புதியதன்று. தஞ்சைப் பெரிய கோவிலின் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களின் கீழே சோழர் கால ஓவியங்கள் இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி 1931 ஆம் ஆண்டு கண்டறிந்தார். சோழர் ஓவியமே பழையது, சிறந்தது என்று கூறி மேற்படையை அழித்திருப்பின் நாயக்கர் காலத்தை இழந்திருப்போம். மேற்படையைத் தொடாது விட்டிருப்பின் சோழர் காலத்தைக் காணாதிருப்போம். இந்தியத் தொல்லியற்றுறையினர் பின்னாளில் நாயக்கர் படையைப் பெயர்த்தெடுத்துத் தனியே பலகைகளிற் பதித்து, இரண்டையும் காத்தனர். மறுபுறத்தே, திருப்பணி என்ற பெயரால் மணல்வீச்சுச் செய்து கல்வெட்டுகளைத் தேய்த்தழித்த கோவில்களும் தமிழகத்தில் உள. நல்லெண்ணத்தாற் செய்யப்பட்ட அழிவு என்பதனால் அது அழிவன்று என்றாகிவிடாது.

உலக அறிஞர்களும் இதுபற்றிச் சிந்தித்துள்ளனர். 1964 ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்குமிடத்தில் மீளமைப்பு நின்றுவிடவேண்டும் என்றும், புதிதாகச் சேர்ப்பது பழையதிலிருந்து வேறுபடுத்தி அறியக்கூடியதாய் இருக்கவேண்டும் என்றும் வகுத்தது. கட்டடங்களுக்கென எழுந்த இக்கொள்கைகளைத் தழுவிப் பழைய வாகனங்களுக்கான அனைத்துலகச் சங்கம் ரூறின் சாசனத்தை உருவாக்கியது. வாகனம் தன் வாழ்நாளிற் பெற்ற மாற்றங்களும் அதன் வரலாற்றின் பகுதியே என்ற கருத்து அதிற் பொதிந்துள்ளது.

இதற்குத் தடை கூறுவோர் உளர். எஞ்சின் கோவிலன்று, அது ஓடவேண்டிய பொருள். உப்புக்காற்று வீசும் தீவில் உதிரும் பூச்சை அப்படியே விட்டால் துரு உள்ளே புகுந்து இரும்பையே தின்றுவிடும். பிறகு சான்றும் இராது, காரும் இராது. இத்தடை நியாயமானதே. எனவே பூச்சு வேண்டும். அது தகுந்த பூச்சாகவும் இருக்கவேண்டும். நீராற் குளிர்விக்கப்படும் எஞ்சின் உடலின் வெளிப்புறம் கொதிநீரின் வெப்பத்தை அதிகம் கடப்பதில்லை. அதற்கு எண்ணெயையும் பெற்றோலையும் தாங்கும் எஞ்சின் எனாமல் போதுமானது. வீட்டுக் கதவுக்கு உரிய எனாமல் விரைவிற் பழுத்து உரிந்துவிடும். புகை வெளியேறும் வார்ப்பிரும்புக் குழாயோ பலநூறு பாகை சூடேறுவது; அங்கு எஞ்சின் எனாமலும் கருகும். சிலிக்கன் பிசினில் அலுமினியத் தூள் கலந்த வெப்பப் பூச்சே அதற்கு ஏற்றது. காபரேற்றர் போன்ற அலுமினியப் பாகங்களையும், பித்தளை, செப்புப் பாகங்களையும், இலக்கத் தகட்டையும் பூசாது விடுதல் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னே மண்ணெண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, நன்னீரினால் உப்பைக் கழுவி, உடனே உலர்த்தவேண்டும். தீவகத்தில் நன்னீர் அருமையானதுதான். எனினும் உப்பின்மேற் பூசிய மை எத்துணை விலையுயர்ந்ததாயினும் நிலையாது. பூச்சு மெல்லியதாக இருமுறை அமைவதே நன்று; தடித்த பூச்சு எளிதில் வெடித்து உரியும்.

மேற்கூறியவற்றால் நாம் பெறும் நடைமுறை யாது? பூச்சு உறுதியாக ஒட்டியுள்ள எஞ்சினைக் கழுவித் துடைத்து, உள்ள நிறத்தோடு பேணுதல் முதலாவது வழி. சுரண்டியே ஆகவேண்டிய நிலையிலுள்ளதை, மறைவிடத்தில் வெளிப்பட்ட தொழிற்சாலை நிறத்தைப் பகலொளியில் ஒப்புநோக்கிப் பூசுதல் இரண்டாவது வழி. கடைத் தகரத்தின் மேல் எழுதிய பெயரை நம்பிப் பூசுதல் வழியாகாது. இரண்டாவது வழியைக் கைக்கொள்வோர், வெப்பமும் எண்ணெயும் மிகத் தீண்டாத ஓரிடத்தில் உள்ளங்கையளவு பரப்பை அதன் எல்லாப் படைகளோடும் விட்டுவைத்தல் வேண்டும். சுரண்டுமுன் ஒளிப்படம் எடுத்து, எப்படை எந்நிறம் என்பதையும், காரை வைத்திருந்தோரும் பழுதுபார்த்தோரும் சொல்லும் செய்திகளையும் எழுதிக் காருடனே வைத்தல் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவில்லை. மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய சாரதிகளும் மெக்கானிக்குகளும் முதுமையடைந்து வருகின்றனர். அவர்தம் வாய்மொழியைப் பதிவு செய்வது பல்கலைக்கழக வரலாற்று மாணவர்க்கு ஏற்ற பணியுமாகும்.

இப்பணிக்குக் காலம் குறுகியது. 2009 இல் போர் முடிந்தபின் பாதைகள் திறந்தன. யாழ்ப்பாணத்துப் பழைய கார்களைத் தேடி வாங்குவோர் பெருகினர். 2020 இல் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி வரை நீடித்தமையும் பழைய வண்டியின் பெறுமதியை நினைவூட்டிற்று. இவ்வாறு விலை ஏறும்போது பளபளப்பும் ஏறும். பளபளப்பு ஏறுமிடத்துப் படைகள் மறையும்.

1981 ஆம் ஆண்டு எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொதுநூலகம் பின்னர் வெண்ணிறத்தில் மீளெழுந்தபோது, எரிந்த சுவரைச் சான்றாக விட்டிருக்கவேண்டும் என்றோரும், மாணவர்க்கு நூலகமே வேண்டும் என்றோரும் நம்மிடையே இருந்தனர். இரு திறத்தாரும் நூலகத்தை நேசித்தவரே. பெரியதோர் கட்டடத்தில் இரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுதல் அரிதாக இருந்திருக்கலாம். ஓர் எஞ்சினில் அது அரிதன்று. கார் ஓடட்டும், பச்சையும் துலங்கட்டும். டைனமோவின் பின்னே உள்ளங்கையளவு கருமை மட்டும் இருக்கட்டும். 'இங்கு மட்டும் ஏன் பூசவில்லை' என்று ஒரு பிள்ளை கேட்கும்போது, அதற்கு விடைசொல்ல அவ்வீட்டில் ஒருவர் அறிந்திருத்தல் வேண்டும்.